இருபத்துநான்கு வெள்ளைத் தகடுகள்

நாற்பது வயது வரைக்கும் வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகப் பட்டறையில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன் வேலை. எங்களுக்குப் பெயிண்ட் என்பது துருப் பிடிக்காமல் இருக்க அடிப்பது, அவ்வளவுதான். அது எந்த வெள்ளை, எத்தனை வெள்ளை என்று ஒருத்தன் ஆயுள் முழுக்க யோசிக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், வேலைவெட்டி இல்லாதவன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அப்படி யோசித்த ஒரு மனிதரோடு தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு நான்கு மாதம் பழக்கம் இருந்தது. அவருக்கு நான் செய்த காரியத்தை என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொல்லாமல் பல வருஷம் வைத்திருந்தேன். பிறகு ஒருவரிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றுகிறது.

அப்போது நாங்கள் பெஹாலாவில் வாடகைக்கு இருந்தோம். வீட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி ஒரு பட்டறை. ஒரு லேத்து, ஒரு டிரில், ஒரு வெல்டிங் செட், தகரக் கூரை. அதை நடத்தியவர் ஒரு வங்காளி. நான் அவரை தாதா என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவரும் என்னை தாதா என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. துர்கா பூஜை பந்தல்களுக்குச் சுற்றுகிற விளக்குச் சக்கரம், தலையாட்டுகிற யானை, வாயைத் திறந்து மூடுகிற அசுரன், எல்லாம் அவர் கைவேலை. மோட்டார் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தகராறு. அதனால் டியூட்டி முடிந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு நான் அங்கே போய்விடுவேன். அரசாங்க வேலையில் இருப்பவன் வெளியில் வேலை பார்க்கக் கூடாது. பார்த்தேன். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்கு அந்தப் பட்டறை பிடித்திருந்தது.

நான் சொன்ன அந்த மனிதர், ஒரு பிரெஞ்சுக்காரர், அங்கேதான் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, உயரம், இடது இடுப்பில் ஏதோ கோளாறு, சாய்ந்து சாய்ந்து நடப்பார். ஏதோ ஒரு அழைப்பின் பேரில் சில மாதம் இந்த ஊரில் தங்கி வேலை செய்ய வந்திருந்தார். லேக் கார்டன்ஸில் ஒரு விருந்தினர் விடுதியில் அறை கொடுத்திருந்தார்கள். பந்தலில் சுற்றுகிற சக்கரங்களின் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து வந்திருக்கிறார். தாதாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்து, சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து, எனக்கு ஆள் அனுப்பினார். எங்கள் மூன்று பேருடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே லட்சணம் என்பதால் பேச்சு நன்றாகவே நடந்தது.

அவர் ஒரு வரைபடத்தை விரித்தார். ஆள் உயரத்தில் இருபத்துநான்கு அலுமினியத் தகடுகள், கை அகலம், வரிசையாக நிற்க வேண்டும். பின்னால் ஒரு பலகை, அதில் நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். ஒரே மோட்டார். ஒவ்வொரு தகடும் பக்கத்துத் தகட்டைவிட ஒரு துளி மெதுவாகச் சுற்ற வேண்டும். எல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு ஆரம்பிக்கும், மெல்ல மெல்லப் பிரியும், இடைவெளியில் கோடுகள் தெரிந்து அலைபாயும், நாற்பது நிமிஷம் கழித்து எல்லாம் மறுபடியும் ஒன்றாக முகத்தைக் காட்டும். அப்போது நடுவில் கோடு தெரியாது, இடைவெளி தெரியாது. ஒரே வெள்ளைச் சுவர். அதுவும் ஒரு நிமிஷத்துக்குக் குறைவாக. பிறகு மறுபடி கலையும்.

சுற்றினால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். ஃபேனாக இருந்தாலாவது காற்று வரும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றும் கிடைக்காது, பார்க்கலாம், அவ்வளவுதான் என்றார். சரிதான், கிறுக்கு என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் இருபத்துநான்கு பல்சக்கரம், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை வித்தியாசம் என்றதும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றில் விரலால் சக்கரம் போட்டுக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி ரொம்ப நாள் சொல்லிக் காட்டினாள்.

இரண்டு மாதம் அந்த வேலைதான். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் அங்கேயே. தாதா லேத்தில் சக்கரம் கடைவார், நான் கோத்துப் பார்ப்பேன், ஒன்று சத்தம் போடும், கழற்றுவோம். பிரெஞ்சுக்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தகடுகளுக்கு வெள்ளை அடிப்பார். அந்த வெள்ளை அவரே கலந்தது. ஊரிலிருந்து ஏழு டப்பா கொண்டுவந்திருந்தார். சுண்ணாம்பு மாதிரி காய்ந்துபோய், துளியும் பளபளப்பு இருக்காது. ஒரு தகட்டுக்கு ஆறு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு நாள். கை லேசாக நடுங்கும். தூரிகை தகட்டைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். தொட வேண்டாம் என்று மட்டும் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வார், விரல் பட்டாலே எண்ணெய் இறங்கிவிடும் என்பார்.

கரண்ட் போகும். ஆடி மாதப் புழுக்கத்தில் மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து விசிறிக்கொள்வோம். அந்த நேரத்தில்தான் அவர் தன் கதையைச் சொல்வார். கடைப் பலகை எழுதுகிறவராக ஆரம்பித்தவர். முகம், மரம், பழம் எல்லாம் ஒரு காலத்தில் வரைந்திருக்கிறார். பிறகு கோடும் சதுரமும் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் ஒரு வேலியோரமாக நடக்கும்போது பின்னால் இன்னொரு வேலி, இரண்டும் சேர்ந்து கண்முன்னே அசைந்தன. அசைவது வேலி இல்லை, நான்தான் என்று புரிந்தது என்றார். அதிலிருந்து மோட்டார். முப்பது வயதிலிருந்து நாற்பது வயதுவரை அவருக்கு நல்ல காலம். கூட்டம் வந்தது, பத்திரிகையில் படம் வந்தது, துணிக்கடைக்காரர்கள் அவர் கோடுகளைத் திருடிப் புடவை மாதிரி ஏதோ அடித்து விற்றார்களாம். பிறகு சட்டென்று எல்லாருக்கும் அலுத்துவிட்டது. கண்காட்சிச் சாலைகளில் மோட்டார்கள் ஒன்றொன்றாகக் கருகின. மாற்ற ஆள் இல்லை. ஒரு அருங்காட்சியகத்தில் அவருடைய வேலையின் முன்னால் 'பழுது' என்று ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள். பதினோரு வருஷம் அந்த அட்டை மட்டும் புதிதாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்ததாம். கடைசியில் அட்டையோடு சேர்த்து நிலவறையில் வைத்துவிட்டார்கள்.

கேட்டபோது எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒரு மோட்டாரை மாற்ற எவ்வளவு நேரம்? அரை மணி. அதற்குப் போய்ப் பதினோரு வருஷமா என்று யாரென்றே தெரியாத அந்த அருங்காட்சியகத்தாரைத் தமிழில் திட்டினேன். அவர் புரிந்துகொண்டவர்போலச் சிரித்தார். இப்போது அவருடைய சொந்த ஊரில் ஒரு அறை கொடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வருஷக் கடைசியில் கண்காட்சி. பழையவற்றோடு ஒரு புதியது வேண்டும், அது ஓட வேண்டும். ஐப்பசிக்குள் கப்பலில் ஏற்றினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். இனிமேல் எனக்கு இன்னொரு அறை யாரும் தர மாட்டார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். கப்பலைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள், அது என் பேட்டை என்றேன்.

ஆவணிக் கடைசியில் அது ஓடியது. முதல் தடவை மூன்று பேரும் நின்றுகொண்டே நாற்பது நிமிஷம் பார்த்தோம். கோடுகள் நீர் மாதிரி நெளிந்தன. எனக்குத் தலை சுற்றியது. பிறகு தகடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, எதிர்பார்க்காத நேரத்தில் எல்லாம் அடங்கி, வெறும் வெள்ளை. பட்டறைச் சத்தமே நின்றுபோன மாதிரி இருந்தது. தாதா கையைக் கூப்பிவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதரைக் கிறுக்கு என்று நினைத்ததற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு நாளில் விஸ்வகர்மா பூஜை வந்தது. நமக்கு ஆயுத பூஜை நவராத்திரியில். இங்கே பட்டறைக்காரர்களுக்குப் புரட்டாசி பிறக்கிற அன்றைக்கே. வானம் முழுக்கப் பட்டம், தெருவுக்குத் தெரு விஸ்வகர்மா சிலை, மெஷினெல்லாம் அன்று ஓய்வு. தாதா லேத்துக்கும் டிரில்லுக்கும் எண்ணெயில் குழைத்த சிந்தூரைத் தடவுவார். ஸ்கூட்டர், தராசு, டார்ச் லைட் எதையும் விட மாட்டார். சாயங்காலம் சிநேகிதர்களோடு உட்கார்ந்து குடிப்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், ஆனால் அன்று நிதானம் இருக்காது.

என் மனைவி அன்றைக்கு வெண்பொங்கல் செய்து தூக்குவாளியில் போட்டு, ஊர்க்கோயில் குங்குமமும் சந்தனமும் ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தாள். புதுசா ஒண்ணு செஞ்சிருக்கீங்களே, அதுக்குப் பொட்டு வச்சீங்களா என்று கேட்டாள். மோட்டார் பெட்டியின் முதுகில் வைத்துவிடுகிறேன் என்றேன்.

"மொகத்துல வைக்காம யாராவது முதுகுல பொட்டு வைப்பாங்களா? நல்லாருக்கு உங்க நியாயம்" என்றாள்.

நான் போனபோது பட்டறையில் ஆள் இல்லை. தாதா சிலைக்கு மாலை வாங்கப் போயிருந்தார். சாவி என்னிடமும் ஒன்று உண்டு. தகடுகளை ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார் பிரெஞ்சுக்காரர். துணியைத் தூக்கினேன். இருபது வருஷமாக எந்தக் கிரேனையும் எந்தப் பம்பையும் பொட்டு வைக்காமல் நான் ஓட்டிவிட்டதில்லை. தொடாதே என்று அவர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. அது விளையாட்டாகக் கை போடுகிறவர்களுக்குச் சொன்னது, சாமிக்கு வைக்கிற பொட்டுக்கு இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். முதல் தகடு, நடுத் தகடு, கடைசித் தகடு. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கடல் தாண்டி நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று கும்பிட்டேன். நாளைக்கு ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். துணியை இழுத்து மூடிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் டியூட்டியில் ஒரு பம்பு படுத்துவிட்டது. பட்டறைக்குப் போகச் சாயங்காலம் ஆறு மணி ஆனது. உள்ளே நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தாதா தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் முக்காலியில் இருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலேயே வந்து துணியை எடுத்திருக்கிறார். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் அந்தச் சுண்ணாம்பு வெள்ளைக்குள் இறங்கி நின்றிருக்கிறது. அவர் பதறிப்போய் ஈரப் பஞ்சால் ஒற்றியிருக்கிறார். சிவப்பு கரைந்து உள்ளங்கை அகலத்துக்கு ரோஜா நிறத்தில் பரவிவிட்டது. மேலே தேய்க்கத் தேய்க்க வெள்ளையும் சேர்ந்து வந்திருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் தாதா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் தாதா. நேத்திக்குக் குடிச்சதுல எதுக்கெல்லாம் சிந்தூர் வச்சேன்னே தெரியல. இதுக்கும் வச்சிருக்கேன். என் கை விளங்காமப் போக" என்று அழுதார். காலையிலேயே பிரெஞ்சுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

அவருடைய சிந்தூர் ஆரஞ்சு. என் குங்குமம் கருஞ்சிவப்பு. பக்கத்தில் லேத்து நின்றது, அதில் அவருடைய சிந்தூர் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன்போல நின்றேன். பொய் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவே இல்லையே என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டியிருக்கிறேன். துறைமுகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டேன். பொட்டு வைத்ததற்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்? பயம், வேறொன்றுமில்லை. பிரெஞ்சுக்காரர் என்னை ஒரு கைதேர்ந்தவன் என்று நினைத்திருந்தார். அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம்.

அவர் தாதாவைத் திட்டவில்லை. நாற்பதாவது நிமிஷம் வரும்வரை காத்திருந்தார். தகடுகள் எல்லாம் முகத்தைக் காட்டின. வெள்ளைச் சுவர், அதில் மூன்று இடத்தில் ரோஜா நிறத் திட்டு. எங்கே பார்க்க நினைத்தாலும் கண் அங்கேதான் போய் நின்றது. எழுந்து சுவிட்சை அணைத்தார். வெள்ளை தீர்ந்துவிட்டது என்றார். ஏழாவது டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

பிறகு மூன்று வாரம் அலைந்தோம். தர்மதலாவில் ஒரு கடை விடவில்லை. ஒன்று நீலம் அடித்தது, ஒன்று மஞ்சள் அடித்தது, எல்லாமே வெளிச்சத்தில் மினுங்கியது. எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் முதலில் தெரிந்தது. பதினைந்தாவது மாதிரியைப் பார்த்தபோது எனக்கே வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது, அது இன்னும் மோசமாக இருந்தது. அவருடைய ஊரிலிருந்து வரவழைக்கலாம் என்று தந்தி அடித்தார். அந்தக் கலவைக்கான பொருளை விற்ற கடையையே மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. இதற்குள் பூஜைக் காலம் வந்துவிட்டது. பந்தல் வேலை எல்லாவற்றையும் தாதா திருப்பி அனுப்பினார். வருஷ வருமானமே அதில்தான். சிந்தூர்க் கையால் இனி எதையும் தொட மாட்டேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி வந்து, அவருக்குப் புத்தி சொல்லும்படி என்னிடம் கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

வீட்டில் என் மனைவி, தாதாவிடம் சொல்லிவிட்டேனா என்று தினமும் கேட்டாள். கேட்காத நாள் கண்ணால் கேட்டாள். ஒரு நாள் சாதத்தைப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசன் பாவம்லா. வைக்கச் சொன்னது நாந்தான். நானே போய்ச் சொல்லுதேன்."

"சொல்லிட்டு அப்படியே ஊருக்கு ரயிலேறிரு" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

கப்பல் போய்விட்டது. நானே ஏற்பாடு செய்திருந்த இடம், நானே ரத்து செய்தேன். அவர் கிளம்பிய அன்று காலையில் லேக் கார்டன்ஸ் விடுதிக்குப் போனேன். பெட்டியை டாக்சியில் வைத்தேன். இடுப்பு வலி அதிகமாகி இரண்டு கம்பு ஊன்றி நடந்தார். தகடுகளைப் பட்டறையிலேயே விட்டுச்செல்கிறார், வெள்ளையைக் கலந்து அனுப்புவார், தாதா அந்த மூன்றையும் மட்டும் சுரண்டி வைக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. டாக்சியில் ஏறும் முன் என் தோளில் கை வைத்தார். "என் வாழ்க்கையில் கிடைத்த நல்ல மோட்டார் உங்களுடையது. நண்பரிடம் சொல்லுங்கள், எனக்குக் கோபம் இல்லை" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன். டாக்சி போனதும் நடைபாதையில் நின்று என்னை நானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஒரு கடிதம் வந்தது. கண்காட்சி நடந்தது, பழையவற்றில் இரண்டு ஓடவில்லை, கூட்டம் அதிகம் இல்லை, வெள்ளைக்கு இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். பிறகு எதுவும் வரவில்லை. எனக்கு விசாகப்பட்டினத்துக்கு ஒரு டெபுடேஷன் வந்தது. மூன்று வருஷம் என்று போய் ஆறு வருஷம் ஆயிற்று. தப்பித்தோம் என்று ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தாதாவுக்குப் புது வருஷத்துக்கு ஒரு கார்டு போடுவேன். அவ்வளவுதான்.

நூற்றாண்டு திரும்பிச் சில வருஷம் கழித்து நான் கிடர்பூருக்கே திரும்பி வந்திருந்தபோது ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சுக்காரரின் தங்கை மகள் எழுதியிருந்தாள். அவர் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. இப்போது மறுபடியும் அவரைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் செய்தவை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு பெரிய புத்தகம் போடுகிறார்கள். அந்தப் புத்தகத்தில் இடம்பெற்றால்தான் ஒரு வேலை அவருடையது என்று கணக்கு. அவருடைய குறிப்பேட்டில் கடைசி வேலை கல்கத்தாவில் இருக்கிறது என்றும், அதுதான் மிகச் சிறந்தது என்றும் எழுதியிருக்கிறார், அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

அன்றே பெஹாலா போனேன். தாதா பாதியாக இளைத்திருந்தார். லேத்து இல்லை, விற்றுவிட்டார். முன்பக்கத்தை ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நேரே பின்னறைக்குக் கூட்டிப்போய்த் துணியை விலக்கினார். சுவிட்சைப் போட்டார். என் மோட்டார் முனகாமல் கிளம்பியது. நாற்பது நிமிஷம் நின்றோம். கடைசியில் எல்லாத் தகடும் திரும்பியபோது ஒரு திட்டு இல்லை, ஒரு மினுக்கம் இல்லை. ஒரே வெள்ளை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எப்படி என்று கேட்டேன். சிலை செய்கிற குயவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டாராம். வெள்ளைக் களிமண்ணை அரைத்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்தால் பளபளப்பு வராது. சரியான பதம் வர மூன்று வருஷம். பிறகு இருபத்துநான்கு தகட்டையும் சுரண்டி, ஒவ்வொன்றுக்கும் ஆறு பூச்சு, நடுவே ஒரு நாள். கை நடுங்காமல் இருக்கக் குடியை அடியோடு விட்டுவிட்டார். சாஹேபுக்கு நான் செய்த பாவத்தைக் கழுவிவிட்டேன் இல்லையா என்று கேட்டார். கழுவிவிட்டீர்கள் என்றேன். அப்போதும் சொல்லவில்லை. இவ்வளவு நன்றாக முடிந்திருக்கிறதே, இனி எதற்கு என்று தோன்றியது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். வெள்ளையைத் தாதா எப்படி உண்டாக்கினார் என்று பெருமையாக இரண்டு பக்கம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். எங்கள் உழைப்புக்கு நன்றி. ஆனால் மாமாவின் கை பட்ட பூச்சு ஒன்றுகூட மிச்சமில்லாததால் இதை அவருடைய வேலையாகச் சேர்க்க முடியாது என்று புத்தகக் குழு முடிவு செய்திருக்கிறது. புத்தகம் அவர் கல்கத்தா வந்ததற்கு முந்தைய வருஷத்தோடு முடிகிறது. மன்னிக்கவும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். மறைக்கலாமா என்று டிராம் ஏறும்வரை யோசித்தேன். தாதா தினமும் போஸ்ட்மேனைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். பின்னறைக் கட்டிலில் உட்கார வைத்துப் படித்து அர்த்தம் சொன்னேன். அவர் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, முதலில் ஒரு தடவை கெடுத்தேன், சரிசெய்கிறேன் என்று இரண்டாவது தடவையும் நானே கெடுத்துவிட்டேன் என்றார். தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

சொன்னேன். பொட்டலம், பொட்டு, மூன்று தகடு, சூடம், எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்துபோய் ஒரு தகட்டின் விளிம்பை விரலால் தொட்டார்.

"சாஹேப் போனப்புறம் மழைக்கு மத்த தகட்டுலயும் மஞ்சளாத் திட்டு விழுந்துச்சு. குடிபோதையில எல்லாத்தையும் என் எண்ணெய்க் கையால தடவியிருக்கேன்னு நெனச்சேன். எதைத் தொட்டேன், எதைத் தொடலைன்னு தெரியாமத்தான் எல்லாத்தையும் சுரண்டினேன். மூணுதான்னு அன்னிக்கே சொல்லியிருந்தா மீதி இருபத்தொண்ணையும் அப்படியே விட்டிருப்பேனே, தாதா."